கிண்ணத்தை ஆட்டத் தெரியாதவர்

மஸ்கட்டில் ஓகஸ்ட். கண்ணாடிக்கு வெளியே
கொதித்து ஆறிய கஞ்சிபோலக் கடல் கிடக்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி.
குளிரைக் கூட்டச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார்கள்:
வியர்த்தால் கோபம் வருமாம்.

வட்ட மேசை வேண்டாமென்றது அரசுத் தரப்பு,
வட்டத்தில் எல்லோரும் சமமாகிவிடுவார்கள்.
நீள மேசை வேண்டாமென்றது மலைத் தரப்பு,
நீளத்திற்குத் தலைமாடு உண்டு.
நடுவில் நின்ற மூன்று அயல்நாட்டு அமைச்சர்களில்
ஒருவருக்குத் துறைமுகம் வேண்டும், ஒருவருக்கு எல்லை,
இன்னொருவருக்கு அகதிகளைத் திருப்பி அனுப்பும் அவசரம்.
அவர்கள் இரவு பதினொன்றுவரை பேசி முடித்தபின்
நானும் பிஷ்ணு தாப்பாவும்
நான்கு சின்ன மேசைகளை முட்டாமல் போட்டோம்.
இடையில் ஒரு சாண்.
அந்தச் சாணுக்கு ஒரு பூந்தொட்டி.

கொடிகளை எடுத்துவிட்டோம்.
ஒரு தரப்புக்குக் கொடி உண்டு,
மறுதரப்புக்குக் கொடி இருப்பதே குற்றம்.
தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் நின்றன.

பெயரட்டையில்தான் மூன்று மணி நேரம் போனது.
'விடுதலை முன்னணி' என்றால் அவர்கள் எழுந்து போவார்கள்.
'ஆயுதக் குழு' என்றால் இவர்கள் வரமாட்டார்கள்.
கடைசியில் நாஸர் அல் ரியாமி வந்து
அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை வைத்தார்.
அதைப் படித்துவிட்டு இரு தரப்பும் உட்கார்ந்தது.

என் நெஞ்சில் குத்திய அட்டையில் 'தவா'.
தவயோகராசாவுக்கு அதில் இடமில்லை.
ஊர் கேட்டால் கொழும்பு என்பேன். அது இலகு.
முல்லைத்தீவு என்றால் அடுத்த கேள்வி வரும்.

மலைத் தரப்பில் ஐவர்.
நேற்றுத்தான் கோட்டுக்கு மாறியிருக்கிறார்கள்;
ஒருவரின் கைமடிப்பில் விலைச்சீட்டின் நூல்.
தளபதி ஸுபைர் கதவுக்கு முதுகு காட்டி அமர மறுத்தார்.
நாற்காலியை நான்தான் திருப்பிப் போட்டேன்.
ஏனென்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

காலை அமர்வு முழுக்க ஒரு சொல்.
அரசு சொன்னது 'ஒப்படைப்பு'.
மலை சொன்னது 'ஒதுக்கிவைப்பு'.
மொழிபெயர்ப்பாளர் மெஹ்ரின்
வற்றிய தொண்டையோடு இரண்டுக்கும் நடுவே.
துப்பாக்கிகள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.
அவற்றை என்ன செய்வதென்ற
வினைச்சொல்லைத்தான் தேடினார்கள்.

இடைவேளையில் கஹ்வா ஊற்றினேன்.
பிடியில்லாத சின்னக் கிண்ணம்.
இங்கே போதும் என்று வாயால் சொல்வதில்லை,
கிண்ணத்தை இலேசாக ஆட்டவேண்டும்.
ஆட்டும்வரை ஊற்றுவது என் வேலை.
ஸுபைருக்குத் தெரியாது.
நான்கு. ஐந்து. ஏழாவதில்
விரல் நடுங்கத் தொடங்கியது, ஆனாலும் குடித்தார்.
கிடைத்ததை மறுக்காமல் பழகிய வாய்.
எட்டாவதுக்கு நான் குனிந்தபோது
எதிர் மேசைத் துணை அமைச்சர்,
இவர் தலைக்கு விலை வைத்துக் கையெழுத்திட்ட
அதே கையால், தன் வெற்றுக் கிண்ணத்தைத் தூக்கி
இப்படி, என்று ஆட்டிக் காட்டினார்.

ஸுபைர் பார்த்தார். ஆட்டினார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பூந்தொட்டியை யாரோ கொஞ்சம் நகர்த்தியிருந்தார்கள்,
நான் இல்லை.

இதைப் பெரிதாக்க எனக்கு மனமில்லை.
எங்களுக்கும் ஒரு காலம்
வேறொரு கடற்கரையில் மேசை போட்டார்கள்.
வெள்ளைத் துணி, போத்தல், கைகுலுக்கும் படம்.
பேப்பரிலிருந்து வெட்டி அரிசி ரின்னில் ஒட்டினோம்.
பிறகு ஓடிய ஓட்டத்தில்
ரின்னை எந்த ஊரில் விட்டோமென்று தெரியாது.

மூன்றாம் நாள் மாலை கையெழுத்து.
முதல் பக்கத்தில் மட்டும்: தேதி, இடம்,
அடுத்த சந்திப்பின் தேதி.
அந்தச் சொல் வரவேண்டிய வரியில்
இடைவெளி விட்டிருக்கிறார்களென்று
மெஹ்ரின் லிஃப்டில் சொன்னாள், சொல்லக்கூடாததை.

அறையைத் துப்புரவாக்கினோம். கிண்ணங்களை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.
பட்டியலில் 'உடைந்தது' என்று எழுதி ஒப்பமிட்டேன்.
பிஷ்ணு நாற்காலிகளை அடுக்கப் போனான்.
விடு, அப்படியே இருக்கட்டும், என்றேன்.
நாளைக்கு இங்கே கல்யாணம், என்றான்.
அடுக்கினோம்.